பாதுகாவலர் கையெழுத்து

"பாதுகாவலரைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார் கிளார்க்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற மாணவருக்கு வயது ஐம்பத்து மூன்று. தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. முனைவர் பட்ட ஆராய்ச்சியில் நாலாவது வருஷம். பல்கலைக்கழகத்தில் எல்லோரும் 'சீனியர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வந்திருக்கார். படி ஏறிட்டு இருக்கார்" என்றார் சீனியர், தரையைப் பார்த்தபடி.

எல்லாம் அந்தப் படிவத்தால் வந்த வினை.

இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த பம்பு கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் பட்டங்களை முடித்திருந்த அவர், சிறு கம்பெனிகள் ஏன் மூடப்படுகின்றன என்று ஆராய்ச்சி செய்யக் கிளம்பினார். உதவித்தொகை மூன்று வருஷத்தோடு நின்றுபோனது. ஆய்வேடு பாதியில் நின்றது. மனைவியின் தையல் மெஷின் மட்டும் நிற்காமல் ஓடியது.

சீனியர் பஸ்ஸை விட்டார், நடந்தார். மதியச் சாப்பாட்டை விட்டார், நூலகத்துக் குழாய்த் தண்ணீரைக் குடித்தார். அப்பா பணம் தருகிறேன் என்றபோது, "என் பாட்டை நான் பாத்துக்கறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கிளார்க் படிவத்தை நீட்டினார். உதவித்தொகை இல்லாத மாணவர் படிப்பைத் தொடர வேண்டுமானால், பாதுகாவலர் மாதாமாதம் நேரில் வந்து, அலுவலர் முன்னிலையில் கைச்செலவுக்குப் பணம் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும்.

"என் மனைவி போட்டா ஆகாதா?"

"அவங்க உங்களைப் பெத்தவங்க இல்லையே சார்."

"தம்பி, எனக்கே காலேஜ் போற பொண்ணு இருக்கா."

"அது அவங்க காலேஜ் பாத்துக்கும் சார். உங்களுக்குப் பொறுப்பு யாரு?"

அப்படித்தான் எண்பது வயது அப்பா, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மாதம் ஒரு தடவை இஸ்திரி போட்ட சட்டையும் பாக்கெட்டில் பேனாவுமாக அந்த மாடி ஏற ஆரம்பித்தார்.

இன்றும் மூச்சு வாங்க வந்து நின்றார். எச்சில் தொட்டு நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார். வரிசையில் நின்ற இளசுகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மகன் கையில் கொடுத்தார்.

"கண்டதுக்கும் செலவு பண்ணாத. மதியம் ஒழுங்கா சாப்பிடு."

"சரிப்பா."

பின்னாலிருந்து யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

அதோடு விட்டாரா? தாழ்வாரத்தில் எதிரே வந்த நெறியாளரை நிறுத்தினார். அந்த அம்மாவுக்கு முப்பத்து நாலு வயது.

"வணக்கம் டீச்சர். பையன் எப்படிப் படிக்கிறான்?"

நெறியாளர் சீனியரைப் பார்த்தார். சீனியர் சுவரைப் பார்த்தார்.

"நல்லா எழுதறார் ஐயா. கூட்டத்துல பேசத்தான் கூச்சப்படறார்."

"சின்ன வயசுலேயே அப்படித்தான். நீங்க கண்டிச்சே வைங்க."

அன்றோடு பொறுமை போயிற்று. இந்தக் கோமாளித்தனமான விதியை எடுக்கச் சொல்லிப் பதிவாளருக்கு மனு எழுத உட்கார்ந்தார் சீனியர். மனுவில் விதி எண் போட வேண்டுமே. மறுநாள் நூலகத்தில் விதிப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மூன்று வருஷ ஆராய்ச்சிப் பழக்கம், ஒரு வரி விடவில்லை.

அப்படி ஒரு விதியே இல்லை.

படிவத்தை எடுத்து முதல் தடவையாக உற்றுப் பார்த்தார். அடியில் இருந்த முத்திரையில், 'நூலகத்துக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது' என்று இருந்தது.

நேரே கிளார்க்கிடம் போனார்.

"யாரைக் கேட்டு இந்த விளையாட்டு? ஆறு மாசமா ஒரு வயசான மனுஷனைப் படியேற வெச்சிருக்கீங்க. இப்பவே பதிவாளர்கிட்ட போறேன்."

கிளார்க்கின் முகம் வெளுத்தது. எழுந்து கதவைச் சாத்தினார்.

"போங்க சார், என் வேலை போயிடும். ஆனா அவரை நான் படியேற வைக்கலை. அவர்தான் வந்தாரு. மூணு நாள் அந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தாரு."

"யாரு?"

"உங்கப்பா. 'இருபத்தோரு வயசுல என் பையன் காலேஜுக்குப் போயிட்டிருந்தான். வீட்டுக் கஷ்டத்துக்காக நிறுத்தி, கம்பெனிக்கு அனுப்பினது நான்தான். அதுக்கப்புறம் அவன் என்கிட்ட எதுவுமே கேட்டதில்லை. இப்ப நானா குடுத்தா வாங்க மாட்டான். சட்டம்னு சொன்னா வாங்குவான்'னாரு. நான்தான் சார் மனசு கேக்காம டைப் அடிச்சேன். ஆபீஸ் முத்திரையைத் தொட பயம். கைக்குக் கிடைச்சதைக் குத்திட்டேன்."

சீனியர் எழுதிய மனுவை நாலாகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போனார். மகனைக் கண்டதும் அப்பா கட்டிலிலிருந்து அவசரமாக எழுந்தார்.

"என்னடா இந்நேரத்துல? ஆபீஸ்ல ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்கப்பா."

"என்னவாம்?" அப்பா மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

சீனியர் பையைத் திறந்து, எழுதி முடித்த மூன்று அத்தியாயங்களையும் எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"புதுசா ஒரு விதி வந்திருக்காம். இனிமே ஒவ்வொரு அத்தியாயத்தையும் பாதுகாவலர் முழுசாப் படிச்சுப் பாத்து, நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஏத்துக்குவாங்களாம்."