ஆவடி வீட்டு கேமரா

ஞாயிறு பதினோரு மணி வெயில் நசரத்பேட்டை ஃபிளாட்டில் ஜஸ்டினின் லேப்டாப் மேல் விழுகிறது. ஆவடியில் தனியாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவன் வைத்த கேமராவின் நெட் வயர் அவர் காலைத் தடுக்குகிறதாம். இங்கிருந்தபடியே அதை வைஃபைக்கு மாற்றுகிறான். கேமராவின் செட்டிங்ஸ் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் வைஃபை பெயரை எழுதும் முன்பே வயருக்கான வரிகளை அழித்துச் சேமித்துவிடுகிறான். அவன் கேமராவுக்குள் நுழைந்திருந்ததே அந்த வயர் வழியாகத்தான். திரையில், வயரைத் தாண்டக் காலைத் தூக்கிய அப்பா அப்படியே உறைந்து நிற்கிறார். ஒரு மணி நேர பஸ் தூரம். அவன் அங்கே போய் எட்டு மாதமாகிறது. போன் செய்கிறான். “கேமரா கட்டாயிடுச்சுப்பா. இங்கேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது.” “அப்ப நீ நேர்ல வந்தாதான் சரியாவுமா?” என்கிறார் அப்பா. பதிலுக்குக் காத்திராமல் அவர் அரிசி டின்னின் மூடியைத் திறக்கும் சத்தம் போனில் கேட்கிறது.