சாம்பிள் கை

டெக்னீசியன் பெண் முதலில் தன் கையில்தான் கரன்ட் வைத்துக்கொண்டாள்.

நரம்பில் கரன்ட் வைத்துப் பார்க்கும் இந்த டெஸ்ட்டுக்குப் பயந்துபோய் வருகிறவர்களுக்கெல்லாம் அவள் இப்படித்தான் செய்வாளாம். சாம்பிளுக்கு என் கை அண்ணா, நான் உயிரோடு இருந்தால் அப்புறம் உங்கள் கை என்றாள். என் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கட்டிலோடு தூக்கிப் போடும் என்று என் மச்சான் வேறு சொல்லி அனுப்பியிருந்தான். அவன் சொல்கிற எதையும் நான் நம்புவதில்லை, இதை மட்டும் நம்பித் தொலைத்தேன்.

ஆனால் என் உண்மையான பயம் கரன்ட்டைப் பற்றியது அல்ல.

நான் கண்ணாடி வெட்டுகிறவன். கொஞ்ச நாளாக வலது கையில் பிடி இல்லை. ஆளுயரக் கண்ணாடி ஒன்று விரல்களிலிருந்து நழுவிப் பட்டறைத் தரையில் தூள்தூளானது. பக்கத்தில் நின்றவர்கள் காலை எடுத்ததால் தப்பித்தார்கள்.

என் அண்ணனுக்கும் கையில்தான் ஆரம்பித்தது. பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகிற வியாதி என்றார்கள். அதற்கு ஒரு பெரிய பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதை யாரும் வாயில் எடுப்பதில்லை.

அவனைக் குளிப்பாட்டியதும் ஊட்டிவிட்டதும் நானும் என் மனைவியும்தான். அதனால் அந்த அறையில் எங்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டெக்னீசியன் பெண் ஸ்டிக்கர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். தன் பெருவிரலுக்குக் கீழே, சதைப்பகுதியில் ஒன்றை ஒட்டி ஒயரை மாட்டினாள். மணிக்கட்டில் கருவியை வைத்து அழுத்தினாள். பெருவிரல் லேசாக அசைந்தது. திரையில் சின்னதாக ஒரு மேடு எழுந்து அடங்கியது.

இவ்வளவுதானா என்று எனக்கு உயிர் வந்தது.

அவள் அந்த ஸ்டிக்கரைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை ஒட்டினாள். கரன்ட்டைக் கூட்டி மறுபடியும் அழுத்தினாள். அதே மேடுதான். காலையிலேயே மிஷின் மக்கர் பண்ணுகிறது என்று அலுத்துக்கொண்டாள்.

அப்புறம் என் முறை.

சுண்டிவிட்டது போல் என் பெருவிரல் துள்ளியது. திரையில் கோடு விருட்டென்று மேலே ஏறி, உச்சியைத் தொட்டு, சரிந்து இறங்கியது. மேடு இல்லை, மலை.

நல்ல கைக்கு மேடு. என் கைக்கு மலை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல், முழங்கை என்று இடம் மாற்றி மாற்றி வைத்தாள். சில இடத்தில் கோடு கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் எல்லா இடத்திலும் மலைதான்.

என் மனைவி மெதுவாக எப்படியிருக்கிறது என்று கேட்டாள். டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்லக் கூடாது அக்கா என்று பதில் வந்தது. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

பிறகு அவள் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. மிஷினைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி மறுபடியும் தன் கையிலேயே ஒயர்களை மாட்டிக்கொண்டாள். வலது கைக்கு மேடு. இடது கைக்கும் மேடு, அதைவிடக் கொஞ்சம் சின்னது.

என் கையில் வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை என்று நினைத்தேன். மிஷினையே சந்தேகப்படுகிற அளவுக்கு முற்றிவிட்டது போலும். பட்டறையை யாரிடம் ஒப்படைப்பது, என்னைத் தூக்கிக் குளிப்பாட்ட என் மனைவி ஒருத்தியால் முடியுமா என்றெல்லாம் மனசு ஓட ஆரம்பித்தது. என் மனைவி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும்.

டாக்டர் வந்து நின்றபடியே திரையைப் பார்த்தார். என் மலையைக் காட்டி, இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். மேசையில் முழங்கையை ஊன்றி ஊன்றி வேலை செய்ததில் அங்கே ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறதாம். ஊன்றாமல் இருந்தால் போதுமாம். அண்ணனுக்கு வந்தது எனக்கு இல்லவே இல்லையாம்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கட்டிலிலிருந்து குதித்து ஓடலாம் போல இருந்தது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் டாக்டர் திரையில் முந்தைய பதிவுகளுக்குப் போயிருந்தார். அந்த மேடுகளில் வந்து நின்றுவிட்டார். இது யாருடையது என்று கேட்டார்.

காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்பது போல அவள் என்னைப் பார்த்துவிட்டு, காலையில் வந்த ஒருவர் என்றாள். மிஷின் கோளாறாக இருக்கும் என்றும் சொன்னாள்.

இவருக்குச் சரியாகக் காட்டியதும் இதே மிஷின்தானே என்றார் டாக்டர்.

நான் சொல்லியிருக்க வேண்டும். என் மனைவியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுமுன் வந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பேஷன்ட்டை இன்னைக்கே என்னை வந்து பார்க்கச் சொல்லும்மா. தனியா வர வேணாம், வீட்டு ஆள் யாராவது கூட இருக்கட்டும்."

அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"சரி டாக்டர், சொல்லிடறேன்" என்றாள்.