நீல கேட் மெஸ்

"மணி ஒண்ணரை கூட ஆகல, அதுக்குள்ள மீன் தீர்ந்துடுச்சாம். என்ன மெஸ் நடத்துறாங்க இவங்க?"

தட்டைப் பார்த்து முணுமுணுத்தார் பாதி விலை. பாதி விலை என்பது சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பேர். பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் பாதி விலைக்குத்தான் கேட்பார். பல நாள் வாங்கியும் விடுவார்.

"மெதுவா பேசுங்க. காதுல விழப்போகுது" என்றாள் மனைவி.

அவள் ஒரு ஹாஸ்டலில் சமையல்காரி. இருபத்திரண்டு வருஷமாக இருநூறு பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் வடித்துக் கொட்டுகிறவள். இந்தத் தீவுக்குக் கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நாலு நாள் நான் கரண்டியைத் தொட மாட்டேன். யாராவது போடணும், நான் உட்கார்ந்து சாப்பிடணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

வந்த அன்றைக்குக் கடற்கரை ஹோட்டலில் மெனு கார்டைப் பிரித்ததும் பாதி விலைக்குப் பசியே போய்விட்டது. வெளியே வந்து ஒரு ஆட்டோக்காரரைப் பிடித்தார்.

"ஸ்கூலுக்குப் பின்னாடி சந்துல போங்க சார். நீல கேட். படகுக்காரங்க எல்லாம் அங்கதான் சாப்பிடுவாங்க. அள்ளி அள்ளி வைப்பாங்க" என்றார் அவர்.

சந்தில் நீல கேட் இருந்தது. வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு மேஜை, நாலு நாற்காலி. உட்கார்ந்து, "ரெண்டு சாப்பாடும்மா" என்றார் பாதி விலை.

கடைக்காரம்மா ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து ஆவி பறக்கச் சோறும் மீனும் கீரையும் வந்தன.

மனைவி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். முடித்ததும், "நல்ல கைப்பக்குவம்" என்றாள். அடுத்தவர் சமையலை அவள் அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்கிறவள் இல்லை.

பாதி விலை ஒரு நோட்டை டம்ளருக்கு அடியில் வைத்தார். "ரெண்டு பேருக்கும் இது போதும்தானே?"

"போதுங்க."

மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "நாளைக்கும் ஒரு மணிக்கு வந்துடுவோம். மீன் மட்டும் கொஞ்சம் பெருசா பாருங்க."

மறுநாள் மீன் பெரிசாகவே இருந்தது. அதற்கு மறுநாளும்.

இன்று கடைசி நாள். பாதி விலை கை கழுவி வந்து போனை எடுத்து விமரிசனம் எழுத உட்கார்ந்தார்.

"ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா மெனு கிடையாது, பில் கிடையாது, ரெண்டாவது தடவை கேட்டா மீன் கிடையாது. மூணு ஸ்டார் போதும்."

"மனசாட்சியோட அஞ்சு போடுங்க."

"ரெண்டைக் குறைச்சாத்தான் நாளைக்கு வர்றவனுக்காவது ஒழுங்கா செய்வாங்க."

அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை. கிளம்புமுன் அந்த அம்மாவிடம் தானே நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று மனைவி திரையை விலக்கி உள்ளே போனாள்.

போனவள் அடுப்பில் இருந்த பானையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். எந்தப் பாத்திரம் எத்தனை பேருக்குக் காணும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அது ஐந்து பேர் பானை. எந்தக் கடையிலும் அதில் உலை வைக்க மாட்டார்கள்.

தரையில் ஒரு மனிதரும் இரண்டு பெண் பிள்ளைகளும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மிச்சக் குழம்பில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாளைக்கு இவங்க வர மாட்டாங்கல்ல? நாம மேஜைல சாப்பிடலாம்ல?" என்று கேட்டாள் சின்னவள்.

"சும்மா இருடி" என்று திரும்பியவர், திரையருகே நின்றவளைப் பார்த்துத் தவித்துப் போனார்.

"இது உங்க வீடா?" என்றாள் மனைவி.

"நீங்க தேடி வந்தது அடுத்த சந்துங்க. அங்கயும் நீல கேட்தான்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா."

"கை கழுவிட்டு வந்து உட்கார்ந்துட்டீங்க. பசியோட உட்கார்ந்தவங்களை எப்படிங்க எழுப்புறது? அப்புறம் மறுநாளும் வர்றேன்னுட்டீங்க. நீங்க வச்ச பணத்துலதான் பெரிய மீனா வாங்கினேன். இன்னிக்கு ரெண்டு துண்டுதான் கிடைச்சுது." குரலைத் தாழ்த்தினார். "சார்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், சங்கடப்படுவார்."

வெளியிலிருந்து பாதி விலையின் சத்தம் வந்தது. "கடைக்குப் பேர் என்னன்னு கேட்டுட்டு வா. பேர் போடாம இது நகர மாட்டேங்குது."

"நீங்களே வந்து கேளுங்க" என்றாள்.

அவர் போனும் கையுமாக வந்தார். தரையில் இருந்த தட்டுகளைப் பார்த்தார். மீன் இல்லாத தட்டுகள். பிள்ளைகளைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் பைகளைப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டார்.

"நான் போய் மேஜையைத் துடைக்கிறேன்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

மனைவி வீட்டுக்காரம்மாவின் பக்கம் திரும்பினாள். "முட்டை இருக்கா?"

"நாலு இருக்கு. எதுக்குங்க?"

அந்த அம்மாவின் கையிலிருந்த கரண்டியை அவள் வாங்கிக்கொண்டாள்.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு மேஜைல போய் உட்காருங்க. இன்னிக்கு நான் போடறேன்."