ஓடையோரக் கிணறு

கம்பெனி கேட்டுக்கு முன்னால், நடுரோட்டில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். மடியில் மகள் செந்தாமரையின் பள்ளிக்கூட போட்டோ. ஓடையோரக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, வாந்திபேதியில் அவள் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. மனுஷன் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உள்ளே மரத்துப் போயிருந்தது.

"கம்பெனிக்காரன் ஓடையில வுட்ட வெஷந்தான் கொழந்தைய கொன்னுச்சு. இழுத்து மூடற வரிக்கும் எழுந்திருக்க மாட்டோம்!" என்று பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் கத்தினாள். வடக்குப்பட்டு ஊரே அவளோடு சேர்ந்து கத்தியது. கோதண்டத்தின் காதில் எதுவும் ஏறவில்லை.

அவர் கட்டி வாடகைக்கு விட்டிருந்த பத்து ரூமில் குடியிருந்த தெற்கத்திப் பையன்கள் நாற்பது பேரும் கம்பெனி ஷிஃப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மற்ற ஓனர்களின் ரூம்களுக்கு மாசாமாசம் கக்கூஸ் தொட்டி அள்ளும் லாரி வந்து தெருவையே நாறடிக்கும். இவர் ரூம் கட்டி நாலு வருஷமாகியும் லாரி வந்ததே இல்லை. ராசியான ஓனர் என்று பையன்களுக்கு அவர்மேல் தனி மரியாதை.

"இந்த டீயையாவது குடிங்க அண்ணாச்சி" என்றான் இசக்கிதுரை. கோதண்டம் வாங்கிக்கொண்டார். அது கையிலேயே ஆறிப் போனது.

ஜீப்பிலிருந்து சுகாதார ஆய்வாளர் பகலவன் இறங்கினார். கையில் தண்ணீர்ப் பரிசோதனைத் தாள்.

"கம்பெனிக் குழாய் ஓடையில சேர்ற எடத்துக்கு மேலயே தண்ணிய எடுத்துப் பாத்தோம். அங்கயே கெட்டுப் போய்த்தான் வருது. கெணத்துலயும் அதே கதை. ரசாயனம் இல்லீங்க, மலக்கிருமி."

"எவ்ளோ வாங்கினு வந்து இத சொல்றே?" என்று கங்கம்மாள் பாய்ந்தாள்.

பகலவனுக்குச் சுருக்கென்றது. "என் புள்ளமேல சத்தியமா சொல்றேம்மா. யாரோ கக்கூஸ் குழாய மண்ணுக்கடியில போட்டு, கெணத்துக்கு மேல ஓடையில வுட்டிருக்காங்க. எங்கன்னுதான் தெரியல. நாளைக்கு ஜேசிபி வருது, கரை முழுக்கத் தோண்டிப் பாக்கப்போறோம்."

கூட்டம் நம்பாமல் முணுமுணுத்தது. கோதண்டம் போட்டோவைக் கங்கம்மாளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"தோண்ட வாணாம் சார். நான் காட்டறேன்."