பூசையில் வைத்த புத்தகங்கள்

சமையலறைக் கதவு சாத்த வரவில்லை.

கிருஷாந்தினி தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். காலையில் ஒழுங்காக இருந்த கதவு, இப்போது நிலையின் மேல்மூலையில் இடித்துக்கொண்டு நின்றது. வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் வடிகானில் தண்ணீர் செங்கல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மாத்தளை மலைநாட்டில், ரத்தோட்டைப் பக்கம் மூன்று நாளாக மழை விடவில்லை.

அவள் முன்னறைக்கு வந்தாள். அவளுடைய கணவன் தர்சன் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். படத்துக்குக் கீழே, வெள்ளை வேட்டியால் முழுதாகப் போர்த்து, மஞ்சள் கயிறு கட்டி, அவனுடைய நூலகம் அடுக்கப்பட்டிருந்தது.

எந்த ஆபத்து வந்தாலும் யாருடைய தயவும் இல்லாமல் பிழைத்துக்கொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள். கொழும்பு நடைபாதைகளிலும் இணையத்திலும் தேடித் தேடி நான்கு வருடமாகச் சேர்த்தவை. பனிக்கட்டியில் வீடு கட்டலாம். பாலைவனத்தில் துணியால் பனித்துளியை ஒற்றிப் பிழிந்து குடிக்கலாம். சுறா வந்தால் மூக்கில் குத்தலாம். மாத்தளைக்குச் சுறா வந்து சேர்ந்தால், தர்சன் ஆயத்தமாக இருந்தான்.

ஒவ்வொரு புத்தகமும் வந்ததும் முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, அலமாரியில் நிமிர்த்தி வைப்பான். அதோடு அந்த ஆபத்து தீர்ந்தது.

கேஸ் கிடைக்காத வருடத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, விறகு சரியில்லை என்று எழுந்து போனவன் இவன்தான். அவள் ஊதிப் பற்றவைத்தாள். அவன் நெருப்பு மூட்டுவதைப் பற்றி இன்னொரு புத்தகம் வாங்கினான்.

நவராத்திரிக்குப் படிக்கிற சாமானையெல்லாம் வாணிக்கு வைக்கவேண்டும் என்று அவனுடைய அம்மா, அவளுடைய மாமி, சொன்னபோது அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அலமாரியைக் காலி செய்தான். அடுக்கிக் கட்டியது அவள். படம் பிடித்து முகநூலில் போட்டது அவன்.

"மண் சரியலாம்னு கிராம சேவகர் ரெண்டு தரம் போன் பண்ணிட்டாரு," என்றாள் கிருஷாந்தினி. "நிஸ்தார் நானா த்ரீவீலோட கீழ வீதியில நிக்கிறாரு. கதவும் சாத்த வரல. எறங்கிருவோங்க."

"சும்மா பயந்துக்கிட்டு ஓடக்கூடாது கிருஷா. இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு. புத்தகத்துல கட்டாயம் போட்டிருப்பான். நாளைக்குக் காலையில பூசை முடிஞ்சதும் எடுத்துப் பார்த்துட்டு முடிவெடுப்போம்."

"இப்பவே எடுத்துப் பாருங்களேன்."

"வாணிக்கு வச்சதத் தொடக்கூடாது," என்றாள் கட்டிலிலிருந்து மாமி.

தர்சன் கைகளை விரித்துக் காட்டினான். பார்த்தாயா, என் கையில் இல்லை என்பதுபோல.

மகளைத் தூக்கிக்கொண்டு, அவனை அவன் புத்தகங்களோடு விட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அவளிடம் தங்கியது. ஆனால் மாமிக்கு நடக்க இயலாது. வீதி வரைக்கும் செங்குத்தான படிகள். மாமியைச் சுமக்க ஒரு முதுகு வேண்டும். அவனிடம் உபயோகமாக இருந்தது அது ஒன்றுதான்.

சமையலறையில் சுவர்ப் பூச்சு உதிர்ந்து விழும் சத்தம் கேட்டது.

அவள் வேட்டி போர்த்திய அடுக்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நேத்து அடுக்கும்போது ஒண்ணப் புரட்டிப் பார்த்தேங்க," என்றாள், குரலைப் பணிவாக்கிக்கொண்டு. "மலையோரத்து வீட்டுல கதவு சாத்த வராமப் போனா அந்த நிமிசமே எறங்கிறணும்னு போட்டிருந்திச்சு. வயசானவங்கள ஆம்பளைங்க முதுகுல தூக்கிக்கணுமாம்."

தர்சன் நிமிர்ந்தான். "எந்தப் புத்தகம்?"

"பச்சை அட்டை."

"ஆ, அதுவா," என்றான். "அது நான் ரெண்டு தரம் வாசிச்சது. மறந்தே போயிட்டேன்."

அதன் பிறகு எல்லாம் அவன் தலைமையில் நடந்தது. மாமியை முதுகில் ஏற்றிக்கொண்டு முன்னால் இறங்கியவன், திரும்பித் திரும்பி அவளுக்குக் கட்டளையிட்டான். இடப்பக்கமாக வா. காலை அழுத்தி வை. பதற்றப்படாதே. அவள் இடுப்பில் மகள், கையில் அடையாள அட்டைகளும் மாமியின் மருந்தும் போட்டு மத்தியானமே கட்டிவைத்த பை.

த்ரீவீல் போகும் வழியெல்லாம் அவன் நிஸ்தார் நானாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தான்.

பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். இருட்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது. மலை இறங்கி, வீடு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

மாமி வாய்விட்டு அழுதாள். கிருஷாந்தினி மகளின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். தர்சனைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள்.

"கதவுதான் அடையாளம்," என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "அதத் தெரிஞ்சவன் பிழைச்சான். இதுக்குத்தான் வீட்டுல நாலு நல்ல புத்தகம் வேணும்கிறது."

தோட்டத்து ஆட்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கிராம சேவகர் புத்தகத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தார்.

தர்சன் ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னான். பாய்களைத் தாண்டி அவளிடம் வந்து, குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"அந்தப் பச்சை அட்டைக்கு என்ன பேரு? மொதல்ல அதத் திரும்ப வாங்கணும்."

அந்தப் புத்தகங்களை வாரந்தோறும் ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி துடைத்தவள் அவள். அவற்றில் பச்சை அட்டை போட்டது ஒன்றுகூட இல்லை.

கிருஷாந்தினி மகளைப் பாயில் படுக்கவைத்தாள்.

"ரெண்டு தரம் வாசிச்சவரு நீங்கதானே," என்றாள். "யோசிச்சுப் பாருங்க."