பன்னிரண்டாவது குழி

பாரிஸ் நாணயச்சாலை அந்தக் காலத்தில் அடித்த வெள்ளிப் பதக்கங்கள் பன்னிரண்டுக்கு மொசியே கொலினே அதிபதி. முடிசூட்டு விழா, உடன்படிக்கை, பாலத் திறப்பு என்று ஒவ்வொன்றின் நினைவாகவும் ஒரு பதக்கம், பூட்டிய பெட்டிக்குள் தனித்தனி வெல்வெட் குழியில் படுத்திருந்தது. வெறுங்கை பட்டால் வெள்ளியில் ரேகை தங்கிவிடும். ஆகவே கையுறை போடாமல் அவரே கிட்டே போகமாட்டார். மனைவி ஒதெத்தை முப்பது வருஷமும் தொடவிட்டதில்லை. அவள் இறந்து இரண்டு வருஷமாகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் பதக்கத்தில் சக்கரவர்த்தியின் மூக்கின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

வீடு துடைக்க வரும் மதாம் ரொஷைக் கூப்பிட்டார். "நீங்களா தொட்டீங்க?"

"பெட்டிச் சாவி உங்க கழுத்துல தொங்குது, மொசியே. இந்த வீட்ல உங்களையே யாரும் தொடறதில்ல. இதையா தொடப்போறாங்க?" என்றவள் குனிந்து பார்த்தாள். "ரேகைக்குக் குறுக்க வெட்டுத் தழும்பு. சிப்பி திறக்கும்போது நம்ம ஒதெத் மதாமுக்குக் கத்தி வழுக்குச்சே, அதே மாதிரி இருக்கு."

செவ்வாய்க்கு ஒன்றாக வரிசைப்படி ரேகை விழுந்தது. அவர் எதையும் துடைக்கவில்லை. பதினோராவது வாரம்தான், இன்னும் ஒரே ஒரு பதக்கம் பாக்கி என்பது அவருக்கு உறைத்தது. அதற்கப்புறம் ஒதெத் எதற்கு வரப்போகிறாள்?

அடுத்த செவ்வாய் விடிந்ததும் அந்தப் பன்னிரண்டாவதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கையுறையைக் கழற்றினார். அமைச்சர்களிடமே கைகுலுக்க இரண்டு விரல் மட்டும் நீட்டிப் பழகிய கையைக் காலிக் குழியின் மேல் மல்லாக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில், உள்ளங்கை நடுவில், கட்டைவிரல் அளவுக்கு ஓர் இடம் மெல்ல அமுங்கியது.