செத்தவர் சிரிக்க வேண்டும்

ஹாலந்தில் பிறந்த யோஸ்ட், முப்பத்திரண்டு தமிழ்ப் படங்களில் வெள்ளைக்காரக் கலெக்டராக வந்து ஹீரோ கையால் செத்தவர். கோடம்பாக்கத்தில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியதில், ஆட்டோக்காரரோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்குத் தமிழ் வந்திருந்தது. ஆனால் ஒரு படத்திலும் அவரைச் சொந்தக் குரலில் பேச விட்டதில்லை. "இவ்ளோ நல்லா பேசினா வெள்ளைக்காரன்னு எவன் நம்புவான் தொரை?" என்பார்கள். டப்பிங்கில் வேறொருவன் "நீ வர்றான், நான் சுடுறான்" என்று உளறுவான்.

இன்றைக்கு ஹீரோ நிஜமாகவே மிதித்துவிட்டான். விலா வலிக்க, யோஸ்ட் பிணமாகக் கிடந்தார்.

"ஷாட் ஓகே. தொரை, கேமராவைப் பார்த்துச் சிரிங்க" என்றார் டைரக்டர். செத்ததாக நடித்தவர் சிரித்துக் காட்டாவிட்டால் சாவு நிஜமாகவே யூனிட்டுக்குள் நுழைந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். யோஸ்ட் சிரிக்கவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. தயாரிப்பாளர் வைரவன் பதறி ஓடிவந்து மண்டியிட்டார்.

"உங்க கால்ல வேணா விழறேன் தொரை, ஒரே ஒரு தடவை சிரிச்சிடுங்க."

யோஸ்ட் கண்ணை மட்டும் திறந்தார்.

"எனக்குப் பேசறதுக்கு ஒருத்தனை வெச்சிருக்கியே, அவனையே வந்து சிரிக்கச் சொல்லுய்யா."

சொல்லிவிட்டு மறுபடியும் செத்துப்போனார்.